ஒரு நாள் பாக்கி

மழை நின்றிருந்த காலையில் வந்து சேர்ந்ததாக
முதல் பக்கத்தில் எழுதியிருந்தான் ஹாசிந்தோ.
சிலோயேயில் மழை நிற்பதில்லை.
நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

படகிலிருந்து இறங்கையில்
நோட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
இடுப்புவரை கடலில் நனைந்தான்.
உடம்பைவிடக் காகிதம் உசத்தி போல, என்றான்
என் கொழுந்தன் பெலார்மினோ.

மாடி அறையைக் கொடுத்தேன்.
பாதி அறை உருளைக்கிழங்குக்கு, மீதி அவனுக்கு.
விடியுமுன் அடுப்பருகே வந்துவிடுவான்.
மாத்தே குவளை கைமாறிச் சுற்றும்போது
குடித்துவிட்டு நன்றி என்பான்.
இங்கே நன்றி என்றால்
எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று பொருள்.
நானும் ஊற்றவில்லை.
ஒரு வாரம் முழுக்க ஒற்றை மிடறோடு
உட்கார்ந்திருந்தான் பாவம்,
எங்கள் சிக்கனத்தைப் பற்றி எழுதிக்கொண்டு.

யார் யாருக்கு என்ன உறவு,
மூழ்கிப் போனவர்களுக்கு எந்த நாளில் மெழுகுவர்த்தி,
இரவில் விளக்கெரியும் கப்பலைக் கண்டவர் யார்?
ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டான்.
பெலார்மினோ மூன்று பதில் சொன்னான்.
பொய்யில்லை அது.
விருந்தாளிக்கு நேற்றைய ரொட்டியையா வைப்பது?

நானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
நாங்கள் பேசும்போது பேனா சும்மா கிடக்கும்,
பேச்சு நின்றதும் ஓடும்.
பன்றி அறுக்கும் அன்று தலைவலி என்பான்.
சாந்தியாகோவிலிருந்து கடிதம் வந்தால்
யாரும் சொல்லாமலே தட்டுகளைக் கழுவுவான்.
இதையெல்லாம் நான் எழுதி வைக்கவில்லை.
என் நோட்டு வேறு காரியத்துக்கு.

அதில் நாட்கள் மட்டும்.
நவுவெல்கின் வீட்டுக்குக் கிழங்கு தோண்டியது இரண்டு நாள்.
சிகுவாய் தந்த எருது ஜோடி, அரை நாள்.
கொடுத்த நாள் நாளாகத்தான் திரும்ப வேண்டும்,
காசாக அல்ல.

மார்ச் மாதம் எடுவினாவின் வீட்டை இழுத்தோம்.
மேட்டைக் கடல் தின்றுகொண்டே வந்தது.
வீட்டை அடியோடு பெயர்த்து, உருளைகள் மேல் ஏற்றி,
பன்னிரண்டு ஜோடி எருது பூட்டி,
நீரேற்றத்தில் மிதக்கவிட்டு அக்கரைக்கு.
எல்லாம் தெரிகிற இடம் வேண்டுமென்று
குன்றின்மேல் போய் நின்றான் அவன்.

சேற்றில் ஒரு பக்கம் இறங்கியது வீடு.
கயிறு அறுந்தது.
டேய், இரண்டு கை வைத்திருப்பவனே!
கத்தியது பெலார்மினோ.
ஓடி வந்தான்.
நோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அந்த வீட்டின் ஜன்னல் கட்டையிலேயே வைத்துவிட்டு
கயிற்றைப் பிடித்தான்.
அன்று முழுக்க முன்னால் நடந்த எருதின் பின்புறம் தவிர
அவன் வேறெதையும் பார்த்திருக்கமாட்டான்.

அக்கரையில் வீடு கால் ஊன்றியதும்
முதலில் புகை எழும்ப வேண்டும்.
விறகெல்லாம் ஈரம்.
எடுவினா ஜன்னல் பக்கம் கை நீட்டி
அகப்பட்டதைக் கிழித்து அடுப்பில் திணித்தாள்.
பற்றிக்கொண்டது.

புகைபோக்கியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.
பிறகு உள்ளே வந்து
ஏழு கிழங்கு ரொட்டி தின்றான்.
குவளை வந்தபோது வாய் திறக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது.
சில குறிப்புகள் மழையில் போயின என்று
ஓரிடத்தில் போட்டிருக்கிறான்.
படிக்கச் சொல்லிக் கேட்ட பெலார்மினோ
பையன் தேறிவிட்டான் என்றான்.

எடுவினா மட்டும் தன் பெயரைத் தேடினாள்.
இல்லை.
எங்கள் நன்மைக்காக எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறானாம்.
அந்த வீட்டை இழுத்தவர்கள் யாரோ, வீட்டுக்காரி யாரோ.
அப்படியானால், என்றாள்,
அவன் எனக்குக் கொடுத்த ஒரு நாள்
இப்போது யார் பேரில் பாக்கி?

என் நோட்டில் உன் பேரில்தான் என்றேன்.

அவள் தூங்குவதில்லை சரியாக.
ஐந்தாம் மாடியில் இருக்கிறானாம்.
அங்கே தோண்ட என்ன இருக்கும்,
ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கவா முடியும்,
சுவருக்குச் சுண்ணாம்பாவது அடிப்பார்களா
என்று என்னைக் கேட்கிறாள்.
எனக்கென்ன தெரியும்? அவர்களோடு நான் தங்கியதில்லை.

கடிதம் போட்டிருக்கிறேன்:
வேலை இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்.
பஸ்ஸில் வருவாள்.
அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும்.
மெதுவாக ஏறட்டும், அவசரப்படுத்தாதே.
பார்த்துக்கொண்டு நிற்காதே.